வெட்டுப்பட்ட காசும் தேவசாயலும்

வேதபாடம்: மத்தேயு 22:15-22, ஆதியாகமம் 1:27



போன மாதம் திருமயம் கோட்டைக்குக் கீழே ஒரு சகோதரனைப் பார்த்தேன். ஞானஸ்நானம் எடுத்தவர், மறுபடியும் குடியில் விழுந்து சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். "பாஸ்டர், என் மூஞ்சியில இன்னுமா தேவசாயல் இருக்கு?" என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பாடம் அவருக்காகவே.

வரிக்காசைப் பார்த்து, இது யாருடைய உருவம் என்று ஆண்டவர் கேட்டார். திபேரியு இராயனின் வெள்ளிக்காசில் அவன் தலையும், தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் குமாரன் என்ற எழுத்தும் இருக்கும். மனுஷனைத் தெய்வமாக்கின காசு! மிளகு வியாபாரத்தில் ரோமக் காசுகள் நம் தமிழ்நாட்டுக்கும் வந்தன.

1. தேய்ந்த காசு

கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமரின் சிறு வெண்கலக் காசுகள் ஏராளமாய்க் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் இராயன், மறுபக்கம் வெற்றித் தேவதை உள்ளவையும் உண்டு. பல காசுகளில் முகமே தெரியாது. யாரும் வெட்டவில்லை, தேய்ந்தே போயிற்று. ஜெபிக்காமல் பிரசங்கிக்கிற நாட்களில் நானும் இப்படித்தான் தேய்கிறேன்.

2. வெட்டுப்பட்ட காசு

நம் மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாய்க் கிடைத்தன. திபேரியு, கிலவுதியு, நீரோ எல்லாரும் அதில் உண்டு. பெரும்பாலானவற்றில் இராயன் தலையின்மேல் உளிவெட்டு! இனி நாணயமாய்ச் செல்லக்கூடாது என்றே வெட்டினார்கள் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். நாணயமாய்ச் செல்லாது, ஆனால் பொன் பொன்தானே? வெட்டினவனும் அதைத் தூக்கி எறியவில்லை, பத்திரமாய்ப் புதைத்து வைத்தான்.

பாவமும் மனுஷன்மேல் அப்படித்தான் உளி வைக்கிறது. சாயல் சிதைகிறது, உடையவரோ மாறுவதில்லை.

3. தேடப்படுகிற காசு

லூக்கா 15:8-ல் ஸ்திரீ விளக்கைக் கொளுத்தித் தேடுகிறாள். ஆனாலும் காசு தன் வெட்டைத் தானே ஆற்றிக்கொள்ளாது. உருக்கிப் புது அச்சில் அடிக்கிறவர் வேண்டும். அந்த உருக்குதல்தான் மனந்திரும்புதல், அது சுடும். புது மனுஷனைப்பற்றிக் கொலோசெயர் 3:10-ல் வாசியுங்கள்.

இராயன் காசை இராயனுக்குக் கொடுத்துவிடலாம். உங்களை யாருக்குக் கொடுப்பீர்கள்?

அந்தச் சகோதரன் இன்னும் வரவில்லை. ஞாயிறுதோறும் அவருக்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

தேவனுக்கே மகிமை. ஆமென்.