ஒன்பது பேருக்கு ஒரு கிலோ பருப்பு



மாதக் கடைசியில் நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் பலவற்றில் ஒரே நிலைமைதான். வீட்டில் அரிசி இருக்கிறது; மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறிவிட்டது. பாக்கியை அடைக்க வட்டிக்கு வாங்கியவர்களும் உண்டு. வட்டி ஹராம் என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே இம்மாதப் பாடத்தை அடுப்படியிலிருந்து தொடங்குவோம்.

ரேஷன் கணக்கைப் பாருங்கள். அரிசி, அட்டையின் வகையையும் தலைகளின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கூடும், அதுவும் விலையில்லாமல். துவரம் பருப்பு அப்படியல்ல. 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, அட்டைக்கு ஒன்று. வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் அதுதான், ஒன்பது பேர் இருந்தாலும் அதுதான். ஒரு கிலோவை 30 நாளைக்கும் ஒன்பது பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம்கூட வராது. ஒரு தேக்கரண்டி! ஆகவே குடும்பம் பெருகப் பெருகத் தட்டில் சோறு குவிகிறது, பருப்பு மறைகிறது. நூறு கிராம் அரிசியில் புரதம் ஏழு எட்டு கிராம். அதே அளவு பருப்பில் இருபதுக்கு மேல். வயிறு நிறைந்தும் பிள்ளை தேறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழம்பு காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி வைத்து அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தண்ணீர் கூட்டுவது வறுமையின் அடையாளம் என்று வெட்கப்பட இதில் ஏதுமில்லை. ஆனால் சாரமுள்ள குழம்பில்தான் தண்ணீர் கூட்ட முடியும். நம் முன்னோர் தால்ச்சாவைக் கண்டது இதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றும். கால் கிலோ எலும்புக் கறியை வறுத்துப் பரிமாறினால் ஒன்பது பேருக்கு ஆளுக்கொரு துண்டுகூட நிச்சயமில்லை. அதையே கால் கிலோ பருப்பு, சுரைக்காய், கத்தரிக்காய், கொஞ்சம் புளியோடு தால்ச்சாவாக்கினால் எல்லார் தட்டிலும் கறியின் ருசி உண்டு, பருப்பின் பலமும் உண்டு. கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாக அதைச் சுருக்கிவிட்டோம். வெறும் சோற்றுக்கு அதுவே முழு உணவு.

அடுத்தது நோன்புக் கஞ்சி. 2001 முதல் தமிழக அரசு ரமலானில் பள்ளிவாசல்களுக்கு இதற்கென்று அரிசி வழங்கி வருகிறது. அந்த ஒரு மாதம் ஊரே குடிக்கும் கஞ்சியை மற்ற பதினோரு மாதமும் நம் வீடுகள் மறந்துவிடுகின்றன. ஒன்பது பேர் இரவு உணவுக்கு அரை கிலோ பச்சரிசி நொய், 200 கிராம் பாசிப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம் போதும். ஆரணிப் பக்கம் ஆலைகள் நிறைய இருப்பதால் நமக்கு நொய் கிடைப்பது சிரமமில்லை. முழு அரிசியைவிட விலையும் குறைவு. வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, புதினா தாளித்து, இரண்டரை லிட்டர் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். பிறகு இன்னொரு இரண்டரை லிட்டர் வெந்நீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் கேஸும் மிச்சம். தேங்காய்ப்பாலும் கொத்துக்கறியும் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை. இதில் எதையும் வடித்துக் கொட்டுவதில்லை என்பதுதான் பெரிய லாபம். தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல். மல்லாட்டை நம் மாவட்டத்து மண்ணில் விளைவது, புரதத்தில் பருப்புக்கு இளைத்ததல்ல.

கூடுதல் பருப்புக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். மாலையில் ஒன்பது பேருக்கும் ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு பன்னோ பஃப்ஸோ வாங்கினால் மாதம் 2,700 ரூபாய். வாரத்தில் நான்கு நாள் நிறுத்திப் பாருங்கள். ரேஷனில் கோதுமை வரும்போது வாங்கி, ஐந்து கிலோவுக்கு அரை கிலோ கடலைப்பருப்பு சேர்த்து மில்லில் அரைத்து வையுங்கள். அந்த மாவில் வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கல்லில் சுட்ட ரொட்டி மாலைப் பசிக்குத் தாங்கும். பிள்ளைகள் கேக்குதான் வேண்டுமென்றால் ரவை, முட்டை, சர்க்கரை சேர்த்து, அடிகனமான பாத்திரத்தில் மூடிமேல் தணல் வைத்துச் சுடும் தம்மடை இருக்கிறது, பெரியம்மாமார்களிடம் கேளுங்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே காய்கறி வாங்கிவிடுவதும் நல்லது; அன்று கடைத்தெருவுக்குப் போய்வரவே பாதி நாள் ஆகிறது.

ரேஷன் அரிசியில் நிறம் மாறித் தெரியும் மணிகளை பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். நூறு மணிக்கு ஒன்று வீதம் கலக்கப்பட்டவை. எறிய வேண்டாம். சாப்பிட்டவுடன் டீ குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்; டீ இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய குடும்பங்களில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்கள். பருப்பு அடியில் இல்லாமல் போவது அவர்கள் முறை வரும்போதுதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பரிமாறத் தொடங்குமுன்பே அவர்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள். சொல்வதைவிட நீங்களே எடுத்து வைப்பது மேல்.

ஸதகா கொடுக்கும் சகோதரர்கள் பெரும்பாலும் அரிசி மூட்டையாகத் தருகிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. இனி பருப்பாகத் தாருங்கள். துவரை, பாசி, கொண்டைக்கடலை, மல்லாட்டை எதுவானாலும் சரி. ஆறு பேருக்கு மேற்பட்ட குடும்பங்களின் பட்டியலை அலுவலகத்தில் தனியாக எழுதி வருகிறோம். அவர்களுக்கு இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதத்திலிருந்து பருப்பு மட்டும் வழங்கப்படும்.