டிராக்டர் எஞ்சினில் எண்ணெய்க் கசிவு: உத்தரவாத காலத்தில் கவனிக்க வேண்டியவை

டிராக்டர் நின்ற இடத்தில் காலையில் இரண்டு சொட்டு கறுப்பு எண்ணெய் கிடந்தால், 'வண்டி என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும்' என்று விட்டுவிடுவது பல விவசாயிகளின் வழக்கம். உழவு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நாட்கள் ஓடிவிடும். அதற்குள் உத்தரவாத காலமும் முடிந்துவிடும். கம்பெனி செலவில் நடந்திருக்க வேண்டிய வேலைக்கு விவசாயி கைப்பணம் கட்ட நேரிடும். எண்ணெய்க் கசிவால் வரும் பெரிய நஷ்டம் சொட்டிய எண்ணெயின் விலை அல்ல. உரிய காலத்தில் எழுத்து மூலம் தெரிவிக்காததால் வரும் நஷ்டமே ஆகும்.

சொட்டுக் கணக்கு

எஞ்சின் ஓடும்போது நிமிடத்துக்கு 10 சொட்டு வீதம் கசிவதாக வைத்துக்கொள்வோம். 8 மணி நேர உழவில் 4,800 சொட்டு ஆகிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 20 முதல் 30 சொட்டு என்று கொண்டால், ஒரு நாளில் 160 முதல் 240 மில்லி லிட்டர் எண்ணெய் போய்விடும். நடுத்தர டிராக்டரின் எஞ்சினில் மொத்தமே சுமார் 6 முதல் 8 லிட்டர் எண்ணெய்தான் இருக்கும். பத்து நாள் தொடர்ந்து உழுது, அளவு பார்க்காமல் விட்டால் எண்ணெய் ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடும். எண்ணெய் வற்றினால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்போது 'அளவு பார்க்காமல் ஓட்டியது உங்கள் தவறு' என்று கம்பெனி எளிதில் கைவிரித்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கதிரடிக்கும் களத்தில் வைக்கோல் தூசி எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். இது சூடான புகைக்குழாய்க்கு அருகில் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

எந்த எண்ணெய் கசிகிறது?

அடியில் ஈரம் இருப்பதெல்லாம் எஞ்சின் எண்ணெய் அல்ல. சில நாள் ஓடிய எஞ்சின் எண்ணெய் கறுத்திருக்கும். கியர் பெட்டி, ஹைட்ராலிக் எண்ணெய்கள் அவ்வளவு கறுப்பதில்லை. டீசல் நீர்த்திருக்கும், வாசனையே காட்டிக்கொடுக்கும். எஞ்சின் எண்ணெயின் அளவு குறையாமல் கூடினால் கவனம் தேவை. டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ எண்ணெயில் கலந்திருக்கலாம். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது.

வெளியே கசிவு இல்லாமலே எண்ணெய் குறைந்து, புகை நீல நிறமாக வந்தால் எண்ணெய் உள்ளே எரிகிறது. இது கேஸ்கட் மாற்றித் தீர்க்கும் கோளாறு அல்ல.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

மேலே கசியும் எண்ணெய் கீழே வழியும். விசிறிக் காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ஆகவே சொட்டும் இடமே கசியும் இடம் என்று முடிவு செய்யக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு பிசுக்கைக் கழுவி, துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். சந்தேகப்படும் இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். பவுடர் நனைந்த இடங்களுள் எது மிக உயரத்தில் உள்ளதோ அதுவே பெரும்பாலும் கசிவின் தொடக்கம். இரவில் அடியில் அட்டை ஒன்றை விரித்துவைத்தால் எத்தனை சொட்டு, எந்த இடத்தில் என்பது காலையில் தெரிந்துவிடும்.

வழக்கமாகக் கசியும் இடங்கள் இவை:

1. டாப்பெட் மூடியின் கேஸ்கட். எஞ்சினின் தலைப்பகுதியில் இருப்பதால் இங்கே கசிந்தால் எஞ்சின் முழுவதும் நனையும்.

2. ஆயில் பில்டர். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் பூட்டிவிட்டால் கசிவு உண்டாகும்.

3. எண்ணெய் வடிக்கும் திருகு. இதன் செம்பு வாஷரை மாற்றாமல் மீண்டும் மீண்டும் பூட்டினால் கசியும்.

4. கிராங்க் ஷாப்டின் முன் சீல். முன்பக்கக் கப்பியைச் சுற்றி ஈரம் தெரியும்.

5. கிராங்க் ஷாப்டின் பின் சீல். கிளட்ச் கூண்டின் அடியில் உள்ள துளை வழியாக எண்ணெய் சொட்டும்.

கடைசியாகக் கூறியதே மிகவும் செலவு வைப்பது. சீலின் விலை குறைவுதான். ஆனால் அதை மாற்ற டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலி பல மடங்கு ஆகும். காலம் தாழ்த்தினால் கிளட்ச் தட்டும் எண்ணெயில் ஊறி வழுக்கத் தொடங்கும். அந்தத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால் கசிவு வெளியே தெரியவே தெரியாது. சேற்றுழவு முடிந்ததும் துளையைச் சுத்தம் செய்து பார்ப்பது நலம். கியர் பெட்டியின் முன் சீல் கெட்டாலும் எண்ணெய் இதே துளை வழியாக வரும் என்பதால், எண்ணெயின் நிறத்தையும் கவனிக்க வேண்டும்.

ஒரே சமயத்தில் பல இடங்களில் கசிந்தால் சீல்களைக் குறை கூறுமுன் எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பார்க்க வேண்டும். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெயை வெளியே தள்ளும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் கெடுதல்.

செய்யக் கூடாதவை

கசிகிறது என்று டாப்பெட் மூடியின் நட்டை மேலும் மேலும் முறுக்கினால் மூடி வளைந்து கசிவு அதிகமாகும். கேஸ்கட் பசையை அள்ளிப் பூசுவதும் தவறு. உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து எண்ணெய் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்கே கேடு. உத்தரவாத காலத்தில் வெளி மெக்கானிக்கை வைத்து எஞ்சினைப் பிரிக்கவே கூடாது. அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், 'வெளி ஆள் கை வைத்துவிட்டார்' என்ற ஒரு காரணமே உத்தரவாதத்தை மறுக்கப் போதும். அளவு பார்ப்பது, குறைந்தால் புத்தகத்தில் கூறிய தரமுள்ள எண்ணெயை ஊற்றுவது, மூச்சுக்குழாயைத் துடைப்பது ஆகியவற்றோடு விவசாயி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உத்தரவாதம் எதற்குப் பொருந்தும்?

உத்தரவாத காலம் ஆண்டுக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் கூறப்பட்டிருக்கும். 2 ஆண்டு அல்லது 2,000 மணி என்று இருந்தால், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு உத்தரவாதம் முடிந்தது. வாடகைக்கும் ஓடும் டிராக்டரில் மணிக் கணக்கே முந்திக்கொள்ளும். நீண்ட கால உத்தரவாதங்களில், பின் ஆண்டுகளுக்கு எஞ்சின், கியர் பெட்டி போன்ற சில பாகங்கள் மட்டுமே சேர்க்கப்பட்டிருக்கலாம்.

பொருளில் உள்ள குறைக்கும், தயாரிப்பில் நேர்ந்த குறைக்குமே உத்தரவாதம் பொருந்தும். எண்ணெய், பில்டர், பெல்ட் போன்றவை சாதாரணமாகச் சேராது. சீல், கேஸ்கட் ஆகியவை சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது வாங்கிய அன்றே படித்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். குறித்த மணியில் சர்வீஸ் செய்யாததும், போலி உதிரி பாகம் போட்டதும் உத்தரவாதத்தை இழக்கும் காரணங்கள். வேலை தடைப்பட்ட நாட்களின் வருமான இழப்பை எந்தக் கம்பெனியும் சாதாரணமாக ஏற்பதில்லை.

கிளட்ச் தட்டு தேய்மானப் பொருள் என்று கூறி ஒதுக்கப்படுவது வழக்கம். ஆனால் பின் சீல் கசிந்ததால் அது எண்ணெயில் ஊறிக் கெட்டிருந்தால் நிலைமை வேறு. சீலைப் பற்றி முன்பே புகார் எழுதியிருந்தால் கிளட்சையும் சேர்த்துக் கேட்க இடமுண்டு. எழுதாமல் விட்டிருந்தால் அந்த வாதம் நிற்காது.

தெரிவிக்கும் முறை

ஒரு நோட்டில் தேதி, மணி மீட்டர் எண், எண்ணெய் அளவு, ஊற்றிய எண்ணெய் ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு அளவு பார்ப்பதே சரியான முறை. கசிவைச் செல்போனில் படம் எடுத்துவைப்பதும் நல்லது.

டீலரிடம் வாயால் கூறிவிட்டு வரக் கூடாது. 'கிளட்ச் கூண்டின் அடியில் எஞ்சின் எண்ணெய் சொட்டுகிறது' என்று ஜாப் கார்டில் எழுதச் செய்து, தேதியும் மணி மீட்டர் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, நகல் பெற வேண்டும். 'அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்' என்றால் அதையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். 1,400 மணியில் எழுதிய ஜாப் கார்டு கையில் இருந்தால், டிராக்டர் 2,000 மணியைத் தாண்டிய பிறகும் அந்தக் கோளாறு உத்தரவாத காலத்தில் தோன்றியதே என்று காட்ட முடியும். பழுது பார்த்த இடத்திலேயே மறுபடியும் கசிந்தால் மீண்டும் ஒரு ஜாப் கார்டு பெற வேண்டும்.

மறுத்தால் என்ன செய்வது?

முதலில் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, கம்பெனிக்குப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. இதன்படி, வாங்கிய ஊர் எதுவானாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சி நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பில் சேர்ப்பது நலம்.

சொந்தப் பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் டிராக்டர் என்றால், அது வியாபார நோக்கம் ஆகாது என்று சட்டம் கூறுகிறது. விவசாயிகளும் நுகர்வோரே என்று 2012-ல் விதை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஆணையத்தின் முன் நிற்பது விவசாயியின் சொல் மட்டுமல்ல; பில், சர்வீஸ் ரசீது, ஜாப் கார்டு, நோட்டு ஆகிய நான்கும் வேண்டும்.

உத்தரவாதம் முடிய மூன்று மாதமோ 200 மணியோ இருக்கும்போது எஞ்சினைக் கழுவி, மேலே கூறியபடி ஒருமுறை முழுமையாகச் சோதித்து, கண்ட குறைகளை எல்லாம் ஒரே ஜாப் கார்டில் எழுதச் செய்துவிட வேண்டும். அரை நாள் வேலைதான். பின்னால் வரக்கூடிய பெரும் செலவை அது மிச்சப்படுத்தும்.