நாய், பூனை வளரும் வீட்டில் ஈத் தொல்லை

கேள்வி: ஒரு நாயும் இரண்டு பூனைகளும் வளரும் வீடு. மாம்பழம், பலாப்பழ நாள்களில் ஈ மொய்க்கிறது. மருந்து அடித்தால் பிராணிகளுக்கு ஆகாது என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வீட்டு ஈ ஈரக் கழிவில் ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டைகள் வரை இடும். கோடையில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழுவாகும். புழு கூட்டுப்புழுவாகி, 7 முதல் 10 நாள்களில் ஈயாகப் பறந்துவிடும். ஆகவே பறக்கும் ஈயை மட்டும் அடித்துப் பயனில்லை. புழு வளரும் இடத்தை ஒழிக்க வேண்டும். புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோய்க் கொசுவைக் கட்டுப்படுத்தியபோதும், அது பெருகும் இடங்களைக் குறைப்பதே முக்கிய வேலையாக இருந்தது.

நாயின் மலத்தை அன்றன்றே அள்ள வேண்டும். பூனையின் மணல் தட்டில் கட்டியானதைத் தினமும் எடுத்து, மணலை வாரம் ஒரு முறை முழுதாக மாற்றித் தட்டைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். பிராணி தின்று மிச்சம் வைத்த சோறும் மீனும் அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது. மீன் குடல், இறால் ஓடு, பலாச் சக்கை ஆகியவற்றைத் தாளில் சுற்றி மூடியுள்ள தொட்டியில் போட்டு, மறுநாளே வெளியேற்ற வேண்டும்.

உள்ளே வரும் ஈக்கு ஜன்னலில் கொசுவலையும், தட்டு வைக்கும் இடத்தில் மின்விசிறியும் போதும். பலத்த காற்றில் ஈ உட்காராது. ஈ ஒட்டும் அட்டையைப் பூனை எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். ரோமத்தில் ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெய் தடவி எடுத்து, பின் சோப்பால் கழுவலாம்.

பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே பறிக்கும். நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துக்கும் இது பொருந்தும். விஷம் கலந்த ஈ இரையை நாய் நக்கினால் ஆபத்து. கற்பூரமும் அந்துருண்டையும் நாய், பூனை இரண்டுக்குமே நஞ்சு. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடக்கும் பூனை பாதத்தை நக்கும். அதனால் தரையைத் தண்ணீரால் மறுபடி துடைத்து, காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும்.

பிராணியின் உடலிலும் கவனம் தேவை. ஆறாத புண்ணிலும், வயிற்றுப்போக்கில் நனைந்த ரோமத்திலும் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். சில வகை ஈக்கள் நாயின் காது நுனியைக் கடித்துப் புண்ணாக்கும். புண்ணில் புழு தென்பட்டால், வீட்டில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றாமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்திலும் சிகிச்சை உண்டு.

கழிவை அகற்றத் தொடங்கிய பிறகும் ஏற்கெனவே வளர்ந்த கூட்டுப்புழுக்கள் சில நாள்களுக்கு ஈயாக வந்துகொண்டிருக்கும். இரண்டு வாரம் விடாமல் செய்தால் எண்ணிக்கை தெளிவாகக் குறையும். அப்போதும் குறையாவிட்டால், அக்கம்பக்கத்துச் சாணக் குழியையோ குப்பை மேட்டையோ தேடிப் பார்க்க வேண்டும்.