மூன்று நண்பர்கள், ஒரு போட்டி

பாக்-மேன் ஒரு பழைய விளையாட்டு. 1980-ஆம் ஆண்டு ஜப்பானில் வந்தது. ஆள் உயரப் பெட்டி. அதில் ஒரு திரை. காசு போட்டால் ஆட்டம் தொடங்கும். இன்றும் பல நாடுகளில் நண்பர்கள் கூடி இதை ஆடுகிறார்கள்.

பாக்-மேன் என்பது வாயைத் திறந்து மூடும் மஞ்சள் உருவம். அது புள்ளிகளைத் தின்றபடி ஓடும். நான்கு பேய்கள் துரத்தும். பேய் பிடித்தால் ஓர் உயிர் போகும். வழக்கமாக மூன்று உயிர்கள் உண்டு.

சிறிய புள்ளிக்கு 10 மதிப்பெண். பெரிய புள்ளிக்கு 50. பெரிய புள்ளியைத் தின்றால் பேய்கள் நீல நிறமாகும். அப்போது பேய்களையே தின்னலாம். முதல் பேய்க்கு 200, அடுத்து 400, பிறகு 800, கடைசிக்கு 1,600. ஆனால் நீலம் சிறிது நேரம்தான். பேராசைப்பட்டால் உயிர் போகும்.

மூன்று நண்பர்கள் போட்டி வைத்தார்கள் என்று கொள்வோம். ஆளுக்கு ஓர் ஆட்டம். எல்லோரும் ஆடி முடித்தார்கள்.

"நான்தான் ஜெயித்தேன். பத்தாயிரம் எடுத்தேன்" என்றார் முதல் நண்பர்.

"இல்லை, நான்தான்!" என்றார் இரண்டாம் நண்பர்.

பேச்சு வளர்ந்தது. முகம் சிவந்தது. மூன்றாம் நண்பர் ஒரு தாளை எடுத்து வைத்தார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அவர் எழுதி வைத்திருந்தார்.

முதல் நண்பர்: 9,850
இரண்டாம் நண்பர்: 9,920
மூன்றாம் நண்பர்: 7,640

முதல் நண்பர் தாளைப் படித்தார். சிரித்துவிட்டார். "அடுத்த ஆட்டத்தில் பார்ப்போம்" என்றார். எழுதி வைத்த எண் நட்பைக் காத்தது.

கணக்குப் போடுங்கள்

1. வென்றவர் யார்? எத்தனை மதிப்பெண் அதிகம்?
2. நான்கு பேய்களையும் தொடர்ந்து தின்றால் மொத்தம் எவ்வளவு?