சாகாத ஈஸ்ட் சொன்ன சாட்சி

கேள்வி: புற்றுநோய் மருந்து ஒன்று எப்படி வேலை செய்கிறது என்பதை ஈஸ்ட்டை வைத்துத்தான் உறுதிசெய்தார்களாமே! ஈஸ்ட்டுக்குப் புற்றுநோய் வருமா என்ன?
– வாசகி, தென்காசி

பதில்: வராது. ஒற்றைச் செல்லாகவே பிறந்து, ஒற்றைச் செல்லாகவே குடித்தனம் நடத்தும் உயிருக்குக் கட்டி வர உடம்பு ஏது? ஆனால் நம் செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே என்னென்ன வேலை நடக்கிறதோ, அதில் பெரும்பகுதி ஈஸ்ட்டுக்குள்ளும் அப்படியே நடக்கிறது. லேலண்ட் ஹார்ட்வெல் செல் பிரிவை ஆளும் மரபணுக்களை ஈஸ்ட்டில் தேடிப் பிடித்ததற்குத்தான் 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். புற்றுநோய் என்பது பிரிவதை நிறுத்தத் தெரியாத செல். எனவே ஈஸ்ட்டிடம் யோசனை கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்கும் மருந்தின் மூலம் கேம்ப்டோதெசின். சீனாவில் வளரும் கேம்ப்டோதீகா மரத்திலிருந்து அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்து, 1966-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வானி மகாராஷ்டிரத்து நந்தூர்பாரில் பிறந்தவர். இந்த இருவர்தான் பிறகு டாக்ஸாலையும் கண்டுபிடித்தார்கள். ஒரே ஜோடிக்கு இரண்டு புற்றுநோய் மருந்துகள்!

நடுவில் நடந்த பரிசோதனைகளைத் தாண்டி நேரே 1980-களுக்கு வருகிறேன். அப்போதுதான் கதை சூடுபிடிக்கிறது.

கிணற்றுக் கயிற்றின் பிரிகளை ஒரு முனையிலிருந்து விலக்கிக்கொண்டே போனால் மறுபக்கம் முறுக்கு ஏறி இறுகும் அல்லவா? செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போதும் அதே தொல்லை. அதைத் தீர்க்க டோப்போஐசோமரேஸ்-1 என்ற நொதி இருக்கிறது. இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் வெட்டும், முறுக்கு அவிழ விடும், மறுபடி ஒட்டும். கேம்ப்டோதெசின் இந்த நொதியைத்தான் பிடிக்கிறது என்று 1985-இல் சோதனைக் குழாயில் தெரிந்தது. சோதனைக் குழாயில் ஒரு வேதிப்பொருள் எதை எதையோ பிடிக்கும். உயிருள்ள செல் சாவது அதனால்தானா? அதுதான் வழக்கு.

வழக்கைத் தீர்க்க நேர்வழி, அந்த நொதியே இல்லாத செல்லைக் கொண்டுவந்து மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது. எலியில் அது நடக்காது. அந்த மரபணு இல்லாத எலிக்கரு சில செல்களாக இருக்கும்போதே அழிந்துவிடும். ஈஸ்ட் பிழைத்துக்கொள்கிறது, அதன் இன்னொரு டோப்போஐசோமரேஸ் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிடுகிறது. இதனால்தான் மனிதரின் வழக்குக்கு ஈஸ்ட் சாட்சியாக வரவேண்டியிருந்தது.

1988-இல் ஹார்வர்டில் ஜான் நிட்டிஸும் ஜேம்ஸ் வாங்கும் சோதனையில் இறங்கினார்கள். இந்த நொதிக் குடும்பத்தின் முதல் உறுப்பினரை 1971-இல் கண்டுபிடித்தவரே இந்த வாங்தான். சாதாரண ஈஸ்ட் இந்த மருந்துக்கு எளிதில் மசியாது. எனவே, உடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் ராட்-52 மரபணுவை முதலில் நீக்கினார்கள். அந்த ஈஸ்ட் மருந்து பட்டதும் செத்தது. டோப்போஐசோமரேஸ்-1 மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது, அதே மருந்தில் அது பாட்டுக்கு வளர்ந்தது! அதே ஆண்டில் வேறொரு குழுவும் இதே முடிவுக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மருந்து ஒரு நொதியை முடக்கிக் கொல்கிறது என்றால், அந்த நொதியே இல்லாத செல் அதற்கு முன்பே செத்திருக்க வேண்டாமா? அது ஏன் பிழைக்கிறது? கேம்ப்டோதெசின் நொதியின் வேலையைத் தடுத்துக் கொல்வதில்லை, நொதியையே ஆயுதமாக்குகிறது. நொதி இழையை வெட்டி முடித்த கணத்தில் வெட்டுவாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி ஒட்ட முடியாமல் நொதி டி.என்.ஏ.வோடு பிணைந்து நிற்கிறது. படியெடுக்கும் இயந்திரம் ஓடிவந்து அதில் மோதுகிறது. இரண்டு இழையும் முறிகின்றன. நொதி இல்லாத செல்லில் வெட்டுவாரும் இல்லை, மாட்டுவாரும் இல்லை.

ஒரு நஞ்சு எப்படிக் கொல்கிறது என்று தெரியவேண்டுமானால், அதைத் தின்றும் சாகாதவரைத் தேடிப் பிடியுங்கள். செத்தவர்கள் ஆயிரம் காரணத்தால் செத்திருக்கலாம். பிழைத்தவர் மற்றவரிடமிருந்து ஒன்றே ஒன்றில் வேறுபட்டால், காரணம் அதுதான்.

அடுத்த ஆண்டு வாங்கின் ஆய்வகத்திலிருந்தே இன்னொன்று வந்தது. என்னை மயிர்க்கூச்செறிய வைப்பது அதுதான். டோப்போஐசோமரேஸ்-1 இல்லாத ஈஸ்ட்டுக்குள் மனிதனின் டோப்போஐசோமரேஸ்-1 மரபணுவை வைத்தார்கள். ஈஸ்ட் மறுபடி மருந்துக்குப் பலியாகத் தொடங்கியது. நம்முடைய நொதி, அதனுடைய சாவு! இதைவிட நெருங்கிய உறவுக்குச் சான்று எங்கே தேடுவது?

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஈஸ்ட் எல்லா மருந்துக்கும் சாட்சி சொல்லாது. டாக்ஸாலின் இலக்கு டியூபுலின் என்ற புரதம்; ஈஸ்ட்டின் டியூபுலினில் அது ஒட்டாது. ஒட்டவைக்க, அந்தப் புரதத்தில் ஐந்து அமினோ அமிலங்களை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

கேள்வி: அந்த மரம் நம் ஊரில் உண்டா? இயற்கைதானே, கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: குடிக்காதீர்கள். இந்தப் பகுதியில் நான் அலுக்காமல் எழுதும் விஷயம் இது: எந்தச் செடியும் நமக்காக மருந்து காய்ச்சுவதில்லை. தன்னைத் தின்ன வரும் புழுவையும் பூஞ்சையையும் துரத்தத்தான் நஞ்சு வைத்திருக்கிறது. கேம்ப்டோதெசினின் உப்பை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்து, எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, சோதனையையே நிறுத்தினார்கள். செல்லுக்குள் இலக்கு எது என்று தெரிந்த பிறகு ஆர்வம் மறுபடி துளிர்த்தது. மூலக்கூறைச் செப்பனிட்டு உருவாக்கிய டோப்போடெகானுக்கும் இரினோடெகானுக்கும் 1996-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

அந்த மரம் மட்டும் தன் நஞ்சுக்கே எப்படிச் சாகாமல் நிற்கிறது? அதன் சொந்த டோப்போஐசோமரேஸில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் மருந்து அதில் சரியாக உட்காராது. இதைக் கண்டுபிடித்தது 2008-இல். பிழைத்தவரிடம் கேளுங்கள் என்று சொன்னேனே, மரத்திடமும் கேட்டாகிவிட்டது.

சீன மரம் நம்மிடம் இயல்பாக வளர்வதில்லை. ஆனால் அதே கேம்ப்டோதெசின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் நோத்தபோடைட்ஸ் மரத்தில் இருக்கிறது. அதன் பூவின் நாற்றத்தைப் பெயரிலேயே சுமந்து, மாப்பியா ஃபீட்டிடா என்று முன்பு அழைக்கப்பட்ட மரம். 1972-இல் அதில் இதைக் கண்டவர்கள் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து அதன் முதல்வராகவும் இருந்த கோவிந்தாச்சாரி, அப்போது பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் இருந்தார். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வரவேண்டும் என்று ஒவ்வொரு வாய்ப்பிலும் சொல்வேன், இன்னமும் சொல்வேன். மருந்துக்காக அந்த மரத்தை அடியோடு வெட்டி அனுப்பிய கதையும் உண்டு. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: இட்லி மாவு பொங்குவதும் ஈஸ்ட்டால்தானே? அப்படியானால் ஆய்வகத்துக்கு எங்கள் வீட்டு மாவையே கொடுக்கலாமே?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முதல் மரியாதை லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. ஈஸ்ட்டும் மாவில் இருக்கும், ஆனால் தலைமை அதனுடையது அல்ல. கள் ஊற்றிச் செய்யும் ஆப்பம் வேறு கதை. அங்கே ஈஸ்ட்தான் ராஜா.

ஆய்வக ஈஸ்ட் பேக்கரியிலிருந்து வந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உலகெங்கும் அதிகம் புழங்கும் எஸ்288சி வகையின் பெரும்பங்கு, 1938-இல் கலிபோர்னியாவின் மெர்செட் ஊரில் எமில் மிராக் ஓர் அழுகிய அத்திப்பழத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்டிலிருந்து வந்தது. 1996-இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இந்த வகையில்தான்: பதினாறு குரோமோசோம்கள், சுமார் 6,000 மரபணுக்கள். பிறகு அந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, ஒன்றுக்கு ஒரு ரகமாக ஆயிரக்கணக்கான ஈஸ்ட்களை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றின் டி.என்.ஏ.விலும் அடையாளத்துக்கு ஒரு சிறு குறியீடு. புதிதாக ஒரு மூலிகைச் சாறு வந்தால் எல்லோரையும் ஒரே குடுவையில் சேர்த்து மருந்தை ஊற்றி, எந்தக் குறியீடு மறைகிறது, எது பெருகுகிறது என்று எண்ணிவிடலாம். உங்கள் வீட்டு மாவை இட்லிக்கே வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த மரபணுவை யார் நீக்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.