கண்ணுக்குள் புழுவா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்புப் பணம் வாங்கி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு வெள்ளையில நூல் மாதிரி ஒண்ணு நெளியுதுங்க. ஒட்டிக்கும்னு பேசுவாங்களேன்னு பத்து நாளா யாருகிட்டயும் சொல்லல" என்றார். வீட்டில் ஏதோ இலைச்சாறு பிழிந்து விட்டதில் கண் இன்னும் சிவந்திருந்தது.

அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். மரத்துப்போக மருந்து போட்டு, கண் வெள்ளையின் மேல்தோலைக் கொஞ்சம் கீறிப் புழுவை எடுத்தார்கள். விரல் நீளம் இருந்தது! அன்றைக்கே வீடு திரும்பிவிட்டார்.

இது எங்கிருந்து வந்தது? நாயிடமிருந்து. ஆனால் நாய் கடித்தோ நக்கியோ வரவில்லை, கொசு மூலம் வந்தது. டைரோஃபைலேரியா என்று பெயர். யானைக்கால் நோய்ப் புழுவுக்குச் சொந்தம். நாயின் தோலுக்கு அடியில் வாழும். அதன் குஞ்சுகள் நாயின் ரத்தத்தில் சுற்றும். அந்த ரத்தத்தைக் குடித்த கொசு, கொஞ்ச நாள் கழித்து நம்மைக் கடித்தால் நம் உடம்புக்குள் வந்துவிடும். கேரளாவிலும் இலங்கையிலும் பலருக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் உண்டு.

மனித உடம்பு அதற்குத் தோதான இடம் இல்லை. பெரும்பாலும் ஒரே புழுதான் இருக்கும், பெருகாது. அதனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அந்த அக்கா பத்து நாள் பேரப்பிள்ளையைத் தூக்காமல் இருந்தாராம். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

கண்ணில் உறுத்தல், அரிப்பு, இமை வீக்கம் இருந்து, ஏதோ ஊர்வது போலத் தெரிந்தால் தேய்க்காதீர்கள். சாறு, எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடவேண்டாம். பூச்சி எடுக்கிறேன் என்று வருகிறவரிடம் கண்ணைக் காட்டவே கூடாது. புழு இடம் மாறி மறைந்துகொள்ளும். தெரியும்போதே செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

டிரம், தொட்டிகளை மூடிவையுங்கள். சாக்கடைத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். நாம் கூட்டம் போடுகிற இடத்துக்குப் பின்னாலேயே தேங்கி நிற்கிறதே, அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நாயை விரட்டினால் தீராது. வளர்ப்பு நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்தும் கேட்டு வாங்குங்கள். அது வேறொரு புழுவுக்கு. அந்த முட்டை மண்ணில் கிடந்து, பிள்ளைகள் கை வழியாக வாய்க்குப் போகும். கண்ணின் உள்ளே போய்த் தங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, பார்வையே போகலாம். மண்ணில் விளையாடி வரும் பிள்ளைக்கு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சோறு போடுங்கள்.