பார்த்ததுக்கும் எழுதினதுக்கும் நடுவில்: டர்ட்டி கவ்



இந்த வார எபிசோட்ல ரேஸ் கண்டிஷன் பற்றிப் பேச ஆரம்பிச்சு, நேரம் போதாம பாதியில நிறுத்திட்டோம். மீதியை எழுத்தில் தர்றேன்னு சொல்லியிருந்தேன். இதோ. கடைசியில் என் தப்பு ஒன்றும் வரும்.

2016 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. எண் சி.வி.இ-2016-5195, செல்லப் பெயர் டர்ட்டி கவ். கண்டுபிடித்தவர் ஃபில் ஓஸ்டர். 2007-ல் வந்த கெர்னல் 2.6.22-லிருந்தே அது உள்ளே உட்கார்ந்திருந்தது. சாதாரண கணக்கு உள்ள யாரும் இதை வைத்து ரூட் ஆகிவிடலாம். ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளேயும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கு, அதனால் அவையும் தப்பவில்லை.

லோகோவில் மாடு இருந்தாலும், கவ் என்பது 'காப்பி ஆன் ரைட்' என்பதன் சுருக்கம். எழுத வந்தால் மட்டும் நகல் எடு என்று அர்த்தம்.

அம்மாவோட சமையல் நோட்டை நினைச்சுக்கோங்க. எல்லாரும் அந்த ஒரே நோட்டைப் படிக்கலாம். யாராவது அதில் திருத்தம் எழுதணும்னா, அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். அசல் பத்திரமா இருக்கும்.

கெர்னலும் இதைத்தான் செய்கிறது. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பை எம்மேப் மூலம் உங்க ப்ரோக்ராமின் மெமரியில் பிரைவேட்டா ஏற்றலாம். அதில் எழுதப் போனால் வேலை இரண்டு படியாக நடக்கும். முதலில் நகல் எடுக்கும். பிறகு பக்கத்தை மறுபடி தேடி எடுத்து எழுதும். கோட்டை விட்ட இடம் இதுதான்: நகல் எடுத்ததும், "இனி எழுத அனுமதி இருக்கா என்று பார்க்கத் தேவையில்லை" என்று கெர்னல் அந்தச் சோதனையைக் கைவிட்டது.

தாக்குபவர் இரண்டு த்ரெட் ஓட விடுவார். ஒன்று எழுதிக்கொண்டே இருக்கும். இன்னொன்று எம்அட்வைஸ் மூலம் "அந்த நகல் வேண்டாம், தூக்கிப் போடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான கோரிக்கைதான். ஆனால் இரண்டு படிக்கும் நடுவில் நகல் காணாமல் போனால், கெர்னல் மறுபடி தேடும்போது கையில் கிடைப்பது அசல் பக்கம். சோதனைதான் ஏற்கெனவே போயாச்சே, அதனால் அசலிலேயே எழுதிவிடும். அப்பா திரும்பிய நேரத்தில் தம்பி ஜெராக்ஸைக் குப்பையில் போட்டுட்டான், நீங்க அம்மா நோட்டிலேயே எழுதிட்டீங்க.

எழுதியது பயனர் பட்டியல் கோப்பில் என்றால்? உங்க பயனர் எண்ணை 0 ஆக்கினால் போதும். நீங்கதான் ரூட்.

ஒரே முயற்சியில் இது நடப்பது அபூர்வம். ஆனால் லூப்பில் லட்சக்கணக்கான தடவை முயற்சி செய்ய யாருக்கும் செலவில்லை. இதே பிழையைப் பதினொரு வருஷம் முன்னாடி சரிசெய்ய முயன்றதாக லினஸ் டோர்வால்ட்ஸே 2016 பேட்ச் குறிப்பில் எழுதினார். வேறொரு வகைக் கணினியில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தத்தைத் திரும்ப எடுத்திருந்தார்கள். அன்று ஏட்டளவில் இருந்த ரேஸ், பின்னாளில் சுலபமாக நடக்கிற ஒன்றாகிவிட்டது.

2016-ல் வந்த திருத்தம் சோதனையைக் கைவிடவில்லை. 'நகல் எடுத்தாச்சு' என்று குறித்து வைத்து, எழுதும் கணத்தில் அந்த நகல் இன்னும் இருக்கா என்று பார்த்தது.

இப்போ என் தப்பு. அந்தச் செய்தி வந்தப்போ மெல்போர்னில் ஒரு இடத்தில் கான்ட்ராக்டில் இருந்தேன். சுமார் அறுபது பேர் லாகின் செய்யும் ஒரு சர்வர் என் பொறுப்பு. "உள்ளே கணக்கு இருந்தால்தானே ஆபத்து" என்று நினைத்து, ரீபூட்டை மாதாந்திரப் பராமரிப்பு நாளுக்குத் தள்ளினேன். ஒன்பதாம் நாள் கூட வேலை செய்த ஒரு அண்ணா கேட்டார்: "தம்பி, அறுபது பேரோட பாஸ்வேர்டும் பத்திரமா இருக்குன்னு நீ எப்படிச் சொல்ற?"

உடனே பேட்ச் போட்டேன். அடுத்த கேள்வி அதைவிடக் கஷ்டம்: அந்த ஒன்பது நாளில் யாராவது ரூட் ஆனார்களா? இந்தத் தாக்குதல் வழக்கமான லாகில் எந்தத் தடயமும் விடாது. "ஆகலை" என்று என்னால் கையெழுத்துப் போட முடியலை. சர்வரை முழுசா அழிச்சு மறுபடி கட்டினோம். சனி, ஞாயிறு இரண்டும் போச்சு. பத்து நிமிஷ ரீபூட்டைத் தள்ளிப் போட்டதுக்குக் கிடைத்த கூலி.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்க எழுதின கோடில், ஒரு வரியில் சரிபார்த்து, அடுத்த வரியில் அதை நம்பிச் செயல்படும் இடம் ஒன்றைத் தேடுங்க. "பேலன்ஸ் இருக்கா? இருந்தா கழி" மாதிரி. அந்த இரண்டு வரிக்கு நடுவில் இன்னொருத்தர் புகுந்தால் என்ன ஆகும்? கிடைச்சதை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.